தூணைத் தொட்டுப் பார்த்தீங்களா

அவர் யாரையும் பார்த்து, பொய் சொல்கிறாய் என்று சொன்னதில்லை. கேள்விதான் கேட்பார். பதில் வந்தால் இன்னொரு கேள்வி. அதற்காகவே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. மீதிப் பேர் வேலைக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. வேலை பாவு பிணைப்பது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு குறைவு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நெய்து தீரும்போது அதன் கடைசி இழைகளை உருவிப் போட மாட்டோம். அப்படியே விட்டுவைப்போம். புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

கைக்குத்தான் வேலை. காது சும்மா இருக்கும். அதனால் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் அந்த வீட்டுக் கதை அவர் காதில் விழும். யாருக்குச் சாமி வந்தது, யார் கனவில் யார் வந்தார், எந்த ஜோசியர் சொன்னது பலித்தது. எல்லாவற்றையும் கேட்பார். கேட்டு முடித்ததும், தலையை நிமிர்த்தாமல், "நீ பார்த்தியா?" என்பார்.

"பார்த்தேங்கா."

"இன்னா பார்த்தே? நினைச்சத வேணாம். பார்த்தத மட்டும் சொல்லு."

அங்கேயே பாதிக் கதை நின்றுவிடும்.

ஒரு தடவை எங்கள் தெருக்கோடி அம்மனுக்கு வேர்க்கிறது என்று கூட்டம் கூடியது. மழைக்காலம் தொடங்கப்போகிற சமயம். அம்மனுக்குச் சாத்தியிருந்த பட்டுப்புடவை காலையில் நனைந்திருந்ததாம். புடவை நாங்கள் நெய்து கொடுத்தது. அதனால் அம்மா எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவும் வந்தார். பூசாரி தீபத்தைக் கிட்டே பிடித்துக் காட்டினார். புடவை தோள் பக்கம் ஈரமாகத்தான் இருந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அக்காவும் கும்பிட்டார். பிறகு கேட்டார்.

"பூசாரி, பக்கத்துல இருக்கற தூணைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

தூண் என் பக்கத்தில்தான் இருந்தது. கையை வைத்தேன். ஈரம். உள்ளங்கை நனைந்துவிட்டது. தரையும் அப்படித்தான் இருந்தது. அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "தூணும் அம்மனோடதுதானேம்மா" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தெரு முனை வரை அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்குத்தான் கோபம். "சாமி இல்லங்கறியா நீ?" என்று வழியிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"நான் எங்க பெரிம்மா அப்படிச் சொன்னேன்? நெத்தியில குங்குமம் வச்சிக்கினு நிக்கறேன். வேர்த்துதுன்னு சொன்னாங்க. அதத்தான் கேட்டேன்."

என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் கொண்டுவந்தான். ஏதோ ஒரு ஊரில் ஒரு கற்சிலை கண்ணைத் திறந்து மூடுகிறது. தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டு அக்காவிடமும் நீட்டினான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தார்.

"இத எடுத்தது யாரு?"

"தெரியாதுக்கா."

"எந்த ஊரு?"

"ஆந்திரா பக்கமாம்."

"'மாம்' வேணாம். உனக்கு யாரு அனுப்பினா?"

"கூட்டாளி."

"அவன் அங்க போனானா?"

"அவனுக்கு வேற யாரோ அனுப்பினது."

"அப்ப உங்கிட்ட இருக்கறது படம்பா. சேதி இல்ல." போனைத் திருப்பிக் கொடுத்தார். "படம் நல்லாத்தான் இருக்குது."

மச்சான் அதற்குப் பிறகு அவர் இருக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பெரிய படிப்பு இல்லை. கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயசில் அவருக்குத் தோஷம் என்று ஜோசியர் சொல்லி மூன்று இடம் தட்டிப்போனதாகவும், அந்தக் கோபம்தான் இப்படி ஆகிவிட்டதாகவும் தெருவில் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் நான் அவரிடமே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"யாரு சொன்னா?"

"பேசிக்கறாங்க."

"அவங்க அப்ப கூட இருந்தாங்களா?"

அவ்வளவுதான். உண்டா இல்லையா என்று கடைசி வரை சொல்லவில்லை.

வேலையிலும் அதே குணம். எங்கள் வீட்டில் ஒரு முறை பிணைத்து முடிக்கும்போது ஒரு இழை மிஞ்சியது. ஒன்றே ஒன்று. விளக்கு வைக்கிற நேரம். அப்பா அப்போது இருந்தார். "அத அறுத்துப் போட்டுட்டு எழுந்திருமா. ஒரு இழையில இன்னா குடி முழுகிடப் போவுது" என்றார்.

"ஒண்ணு மிஞ்சினா எங்கேயோ ரெண்டு ஒண்ணாப் போயிருக்குது, பெரிப்பா."

"போனா போவட்டும்."

"எங்கன்னு தெரியாம எப்படிப் போவ விடறது?"

திரும்ப வந்த வழியே போனார். ஒவ்வொரு இழையாக. நானூறு இழைக்கு அப்பால் அதைப் பிடித்தார். எனக்கு எரிச்சல்தான். காத்திருந்தது நான். ஆனால் அந்தப் பாவில் நெய்த மூன்று புடவையிலும் ஒரு கோடு விழவில்லை. இரட்டை இழை ஓடியிருந்தால் முந்தானை வரைக்கும் தெரிந்திருக்கும்.

நல்லதை மட்டும் சொல்லக் கூடாது. அவர் கேள்வி ஒரு முறை தப்பான இடத்தில் விழுந்தது. எங்கள் தெருவில் ஒருவர் தறியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி தறியைக் கழற்ற விடவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். மத்தியானம் ஆனால் அவர் கையால் இழுக்கிற கயிறு தானாக ஆடுகிறது, அவர் வந்து உட்காருகிறார் என்று. போய்ப் பார்த்தவர்களும் ஆடுவதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆடியது.

அக்கா போனார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கயிற்றுக்குப் பக்கத்தில் கையை நீட்டினார். "எதிர்வீட்ட இடிச்சிட்டாங்க இல்ல? இப்ப இந்த ஜன்னல்ல காத்து வருது" என்றார்.

அந்த அம்மாள் மறுநாள் ஜன்னலைச் சாத்திப் பார்த்திருக்கிறாள். கயிறு நின்றுவிட்டது. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுத் தறியைக் கழற்றச் சொன்னாள். அக்காவோடு ஒரு வருஷம் பேசவில்லை.

"அது தேவையாக்கா?" என்று கேட்டேன்.

"தேவையில்லதான்." என்றார். "அந்தம்மா யாரையும் ஏமாத்தல. யாருக்கும் கெடுதி பண்ணல. எனக்கு வாயில வந்துடுச்சு."

அதன் பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போது நடையை எட்டிப் போடுவார்.

கண்ணில் புரை விழுந்த பிறகு செவிலிமேட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தவறிவிட்டார் என்று ஒரு நாள் யாரோ சொன்னார்கள். நான் நம்பவில்லை. டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். இப்போது எங்கள் தெருவுக்கு வேறொருவர் வருகிறார். நல்ல வேலைக்காரர். எதுவும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு அக்கா என்றால் நினைவுக்கு வருவது அதுதான்.

வீட்டில் இரண்டு தறி. ஒன்று எனக்கு, ஒன்று தம்பிக்கு. அப்பா போன பிறகு வீட்டுக்கு நான்தான் பெரியவன். தம்பிக்கு வைகாசியில் கல்யாணம். பெண் மாகறல். விவசாயக் குடும்பம், தறி பார்த்தறியாதவள். அவள் வந்த வாரம் இரண்டு தறியிலும் புதுப் பாவு ஏற்றினோம். புதுப் பாவுக்கு வீட்டுப் பெண் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். புது மருமகள் என்று அவளைக் காட்டச் சொன்னோம். காட்டினாள்.

மறுநாளிலிருந்து இழை அறுந்தது. அறுவது சகஜம்தான். ஆனால் இப்படி இல்லை. நாலு விரல் நெய்தால் ஒன்று. அதை முடிச்சுப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் இன்னொன்று. தம்பி தறியிலும் அதே கதை. ஆனி மாதம் முழுக்க அப்படிப் போனது. அம்மா முதலில் பேசாமல்தான் இருந்தாள். பிறகு ஒரு நாள், "இவ சூடம் காட்டின பாவுடா இது" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை அறும்போதும் அம்மா தலை சமையலறைப் பக்கம் திரும்பும்.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவள் அப்பா சீரோடு வந்து கூட்டிக்கொண்டு போனார். அவள் போன பத்து நாளில் இழை அறுவது குறைந்தது. நன்றாகவே குறைந்தது.

அம்மா வாலாஜாபாத் பக்கம் ஒருவரிடம் குறி கேட்டு வந்தாள். அவர் வெற்றிலையைப் பார்த்துவிட்டு, "வந்த கால் சரியில்ல" என்றாராம். திரும்ப அழைக்க வேண்டாம் என்று அம்மா முடிவு செய்தாள். என்னைத்தான் மாகறலுக்குப் போய்ச் சொல்லச் சொன்னாள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் பாதியாகக் குறைந்தது.

நானும் நம்பினேன். அதை மறைக்க மாட்டேன். அறுந்ததும் நின்றதும் என் கையில் நடந்தது. கண்ணால் பார்த்தது.

ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது என் தறியில் பாவு தீர்ந்தது. அக்கா வந்தார். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கேட்டார்.

"எப்ப வரா உன் தம்பி பொண்டாட்டி?"

நான் சொல்வதற்குள் அம்மா சொன்னாள். "வரல. அங்கயே இருக்கட்டும்."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. கால்தான் சரியில்ல."

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சூடம், ஆனி, ஆடி, வெற்றிலை. கடைசியில், "எல்லாத்துக்கும் கேள்வி கேப்பியே, இதுக்குக் கேளு பார்க்கலாம்" என்றாள்.

அக்கா கை நிற்கவில்லை. "நின்னுடுச்சா, கொறஞ்சுதா?"

"கொறஞ்சுது. ஆனியில ஒரு நாளைக்குப் பத்து பன்னெண்டு. இப்ப மூணு நாலு. நீயே சொல்லு."

அக்கா ஒரு ஐம்பது இழை பிணைத்திருப்பார். பிறகு என்னைப் பார்த்தார். "எதிர்வீட்டுல எப்படி?"

"எது?"

"இழைதான். ஆனியில அவங்களுக்கு எப்படி அறுந்துச்சு? ஆடியில எப்படி?"

"தெரியாது."

"அவங்க வீட்டுல புதுசா யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப போய்க் கேளு."

"நீங்களே வீடு வீடாப் போறீங்களே. சொல்லுங்களேன்."

"நான் சொன்னா நான் சொன்னதா ஆயிடும். உன் காதால கேட்டுக்கினு வா. மூணு வீடு போ. புது மருமக இல்லாத வீடாப் போ."

எனக்குப் போக மனசில்லை. ஆனாலும் போனேன்.

எதிர்வீட்டுக்காரர் தறியில் இருந்தார். கேட்டதும் கையை உதறினார். "ஆனியா? அத ஏன் கேக்கற. அந்த வெயில்ல பட்டு காஞ்சு போய் தொட்டா அறுது. தறிக்குழியில தண்ணி தெளிச்சு தெளிச்சு இடுப்பு போச்சு. ஆடியில நாலு தூறல் போட்டப்புறந்தான் உட்கார முடிஞ்சுது."

அடுத்த வீட்டிலும் கிட்டத்தட்ட அதே பதில். அங்கிருந்து வெளியே வரும்போது என் மனசு மாறியிருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்றாவது வீட்டில் போய்க் கேட்டேன். "ஆனியில நல்லாத்தாம்பா போச்சு. ஆடியிலதான் உசுர வாங்குது" என்றார்கள்.

வரும் வழியில் நின்றேன். மூன்றாவது வீட்டைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அம்மா பிடித்துக்கொள்வாள். ஆனால் அக்கா முகத்துக்கு நேரே அப்படிச் செய்ய முடியாது. மூன்றையும் சொன்னேன்.

"பார்த்தியா!" என்றாள் அம்மா.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. "நல்லதாச்சு. அதையும் சேர்த்துக்க" என்றார்.

"அங்க மட்டும் ஏன் அப்படி?"

"தெரியல. பட்டு வேற மாதிரி வந்திருக்கலாம். வேற எதுனா இருக்கலாம். தெரியல தம்பி."

"அப்ப இவளால இல்லன்னு சொல்ல முடியாதா?"

"முடியாது."

அம்மா தலையை ஆட்டினாள். அக்கா அதே குரலில் சொன்னார். "இவளாலதான்னும் சொல்ல முடியாது. தெரியாதுன்னுதான் இருக்குது. தெரியாதத வச்சிக்கினு ஒரு பொண்ண அப்பன் வீட்டுல நிறுத்தறதா இல்லையான்னு நீங்க பேசிக்குங்க. அது இழை விஷயம் இல்ல."

தம்பி அந்த அறையில்தான் இருந்தான். அவன் தறியில், காலை மிதியில் வைத்தபடி. நெய்யவில்லை.

"இன்னொண்ணு" என்றார் அக்கா என்னிடம். "உன் கல்யாணமும் வைகாசியிலதானே? அந்த ஆனியில எத்தனை அறுந்துச்சு?"

என் மனைவி உள்ளே காய் அரிந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

என் மனைவி அம்மாவின் அண்ணன் மகள். அந்த ஆனி எனக்கு நினைவிருந்தது. அறுந்தது. நிறையவே அறுந்தது. அம்மா, "வெயில்டா" என்று சொல்லித் தறிக்குழியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். யாரும் எண்ணவில்லை.

"எண்ணலக்கா" என்றேன்.

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அக்கா மேலே எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். "பொய் சொல்றவங்க கம்மி தம்பி" என்றார் வாசலில். "உங்க அம்மா ஒரு பொய்யும் சொல்லல. பாதியப் பார்த்தாங்க. அவ்வளவுதான்."

ஆவணி முதல் நாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு மாகறல் போனேன். அம்மா தடுக்கவில்லை. "போனாப் போ. ஆலத்தி நான் எடுக்க மாட்டேன்" என்றாள்.

பெண்ணின் அப்பாவுக்குச் சேதி ஏற்கெனவே எட்டியிருந்தது. உட்காரச் சொன்னார். காபி வந்தது. பிறகு கேட்டார். "இழை நின்னுடுச்சுங்களா?"

"இல்லைங்க. அறுது."

"அப்ப திரும்ப அனுப்ப மாட்டீங்களே?"

"மாட்டோம்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, "மாட்டேன் மாமா" என்றான். இந்த விஷயத்தில் அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் திரும்பினாள். "மறுபடி அறுந்தா, மாமா?"

"முடிச்சுப் போட்டுக்கலாம்மா" என்றேன்.

என் மனைவி ஆலத்தி எடுத்தாள்.

தம்பி மனைவி வந்துவிட்டாள். ஆனால் தறி அறைக்குள் கால் வைப்பதில்லை. தம்பிக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் வாசற்படிக்கு வெளியே சொம்பை வைத்துவிட்டுப் போவாள். இழை அறுந்து தறி நின்றால் சமையலறையிலும் சத்தம் நின்றுவிடும். நாங்கள் முடிச்சுப் போட்டு மறுபடி தறி ஓடிய பிறகுதான் அங்கே பாத்திரம் உருளும். அவளும் நம்புகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மா அவளிடம் இரண்டொரு வார்த்தை பேசினாள். வெறுப்பு இல்லை. பயம்தான்.

புரட்டாசி வெயில் ஏறியது. பின்தங்கிப் போயிருந்த தம்பி தறியிலும் பாவு தீர்ந்து அக்கா வந்தார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி.

"எத்தனை?"

"இப்பல்லாம் எண்றதில்லக்கா." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ஏன்?"

"அதான் அவளால இல்லன்னு ஆயிடுச்சே."

அக்கா கையிலிருந்த இழையை விட்டார். "யாரு சொன்னா? நான் சொல்லல."

நான் கீழே கிடந்த நூலைப் பொறுக்கினேன்.

"உங்க அம்மா வேணும்னு எண்ணினாங்க. நீ வேணாம்னு விட்டுட்டே. ரெண்டும் ஒரே வேலைதான் தம்பி."

"நல்லதுக்குத்தானேக்கா."

"நல்லதுதான். நாளைக்கு இருபது அறுந்தா இன்னா பண்ணுவே? யாரப் பார்ப்பே?"

அவர் கேட்கும்போதே என் கண் சமையலறைப் பக்கம் போய்வந்தது. அவர் அதைப் பார்த்தார்.

அப்போது அவள் குரல் கேட்டது.

"நேத்து ஒம்பது."

தறி அறை வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள் ஏழு. அதுக்கு முன்னாடி பதினொண்ணு. ஆவணி மொத நாள்லேருந்து எண்றேன். ரெண்டு தறிக்கும் சேர்த்து."

ஒன்பது, ஏழு, பதினொன்று. அவள் வீட்டில் இருக்கும்போது. ஆடியில் மூன்றும் நாலும். அவள் எங்களைக் குற்றம் சொல்ல எண்ணவில்லை. தன்னைத்தான் எண்ணியிருக்கிறாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா அவசரப்படவில்லை. "போன வாரம் ரெண்டு நாள் நீ இங்க இல்லியே? உங்க அப்பாவுக்கு ஜுரம்னு மாகறல் போனியே?"

"ஆமாக்கா."

"அந்த ரெண்டு நாள்?"

"நான்தான் இல்லியே. எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். நான் எண்ணவில்லை. அவனும் எண்ணவில்லை.

"அதுதாம்மா வேணும்" என்றார். "அது இல்லாம நீ எண்ணினதும் பாதிதான்."

அவள் முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாள் எண்ணியதும் போயிற்று. அவளுக்கு ஆதரவாக ஒரு வார்த்தையாவது அக்கா சொல்லக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

"பன்னெண்டு."

அம்மா. கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

யாருக்கும் உடனே புரியவில்லை.

"மொத நாள் பன்னெண்டு. ரெண்டாம் நாள் பதிமூணு. அவ ஊர்ல இல்லாதப்ப." ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். "நானும் எண்ணிக்கினுதான் இருந்தேன்."

அந்தக் கணக்கு அம்மா ஒருத்தியிடம்தான் இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குறைத்துச் சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்காது.

தம்பி மனைவி அப்படியே நின்றாள். உள்ளே வருவதா, போவதா என்று தெரியாமல் ஒரு கால் படிமேல் இருந்தது.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வாசப்படியில நிக்காதடி, ஆவாது" என்று அதட்டினாள். "உள்ள வா."

ஆவாது என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா வாய் திறந்தது. கேள்வி அங்கேயே இருந்தது, எனக்குத் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை. நீட்டியிருந்த காலை மடக்கி, உள்ளே வருகிறவளுக்கு வழி விட்டார்.